தோல் செருப்பு ஏன் கடிக்கிறது, கடிக்காமல் பழக்குவது எப்படி

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களில் பலர், கிளம்புவதற்கு நாலு நாள் முன்புதான் புதுத் தோல் செருப்பு வாங்குகிறார்கள். கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி 100 கிலோமீட்டருக்கு மேல். கிணத்துக்கடவு தாண்டும்போதே விரல் இடுக்கு எரியத் தொடங்கும். பொள்ளாச்சியில் கொப்புளம் எழும்பும். உடுமலை வருவதற்குள் செருப்பு கைக்கு வந்துவிடும். "தோல் செருப்புன்னாலே கடிக்குமுங்க" என்று அதோடு ரப்பருக்கு மாறிவிடுகிறார்கள்.

கடித்ததற்குத் தோல் காரணமில்லை. அளவு தப்பியிருக்கும், இல்லாவிட்டால் செருப்பைப் பழக்க நாள் கொடுத்திருக்க மாட்டார்கள். நாங்கள் பார்த்தவரை செருப்புக் கடியில் பெரும்பகுதி இந்த இரண்டில்தான் அடங்கும். கைத்தையல் செருப்புக்கும், நாடா கட்டும் பழைய பாணி ஷூவுக்கும் இது பொருந்தும். பூசத்துக்கு நடக்க நினைத்தால் கார்த்திகையிலேயே செருப்பு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

எந்தத் தோல்

ஈரோட்டில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டு, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுத்து, எண்ணெய் பூசி உலர்த்துவது பழைய முறை. ஏற்றுமதிக்காரர்கள் இதை ஈ.ஐ. தோல் என்பார்கள்; கிழக்கிந்தியா என்பதன் சுருக்கம் அது. ஆவாரம் பட்டையின் இடத்தில் இன்று பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு வந்துவிட்டது. எந்தப் பட்டையானாலும் தோலின் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். சுருக்கமாகப் பட்டைத்தோல் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வகை குரோம் உப்பில் பதனிட்டது. ஷூக்களின் மேல்தோல் பெரும்பாலும் இந்த வகைதான்.

பட்டைத்தோல் முதலில் விறைப்பாக இருக்கும். ஆனால் வியர்வையும் கால் சூடும் சேரும்போது கொஞ்சம் இளகி, பாதம் அழுத்திய இடத்தில் பள்ளம் வாங்கி, உலர்ந்ததும் அந்த உருவத்திலேயே நின்றுவிடும். குரோம் தோல் இழுத்தால் இளகும், விட்டால் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். ஆகவே பாதம் பதியும் உள்தோலும் அடித்தோலும் பட்டைத்தோலாக இருப்பதுதான் முக்கியம். மேல்தோல் எதுவானாலும் பாதகமில்லை. குரோம் ஒத்துக்கொள்ளாமல் செருப்பின் மேல்பட்டை படும் இடமெல்லாம் அரித்துத் தடிக்கிறவர்கள் மட்டும் மேலேயும் பட்டைத்தோலே கேட்டு வாங்க வேண்டும்.

கண்டுபிடிக்க வெட்டு விளிம்பைப் பாருங்கள். பட்டைத்தோல் உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருக்கும். சாயம் உள்வரை இறங்காத குரோம் தோலின் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறக் கோடு தெரியும். உள்தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டைத்தோல் சிறிது நேரத்தில் உறிஞ்சி அந்த இடம் கறுக்கும். முத்து மாதிரி உருண்டு நின்றால் மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். வியர்வையும் அப்படித்தான் உள்ளேயே நிற்கும். மலிவான ஷூக்களில் உள்தோல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் காகித அட்டைதான் இருக்கும். குதிகால் பக்கத்து மெத்தைத் துண்டைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடித்தோல் மாட்டின் முதுகுப் பகுதியிலிருந்து வெட்டியதா என்றும் பாருங்கள். வயிற்றுத் தோல் பஞ்சு மாதிரி. மடக்கினால் மேற்பரப்பு தளர்ந்து சுருக்கம் விழும், ஒரு மாதத்தில் பக்கவாட்டில் பரந்துவிடும். கைத்தையல் செருப்புக்கு அடித்தோல் 5 முதல் 6 மி.மீ., கால் படும் மேல்தட்டு 2.5 முதல் 3 மி.மீ. இருந்தால் போதும். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டில், நடக்கிறவர்களுக்கு இந்தத் தடிமன் அவசியம். வெள்வேல முள்ளும் வேலியோரத்துக் கிளுவை முள்ளும் ரப்பர் செருப்பில் நேராக இறங்கும். அதைவிட மோசம், நுனி உள்ளேயே ஒடிந்து, நடக்க நடக்க மேலே ஏறி இரண்டு நாள் கழித்துக் காலில் தைக்கும். அடர்த்தியான முதுகுத் தோல் பெரும்பாலான முள்ளை நுனியிலேயே மடக்கிவிடும்.

ஒரு குறை உண்டு. வெறும் அடித்தோல் ஈர டைல்ஸில் வழுக்கும். முன்பாதத்துக்கு 2 அல்லது 3 மி.மீ. ரப்பர் ஒட்டித் தைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு இது கட்டாயம். டயர் அடி போட்டால் தேய்மானம் குறையும், ஆனால் கனம் கூடும், மடங்காது. காட்டு வேலைக்குச் சரி, நெடுநடைக்கு வேண்டாம்.

அளவு எடுப்பது

இந்தப் பகுதிக்குக் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். இங்கே தப்பினால் பின்னால் என்ன செய்தாலும் முழுசாகச் சரியாகாது.

சாயங்காலம் 5 மணிக்கு மேல் அளவெடுங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும். காலையில் எடுத்த அளவில் தைத்த செருப்பு சாயங்காலம் இறுக்கும். தடித்த காகிதத்தைச் சமமான தரையில் விரித்து அதன்மேல் நேராக நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு வரையக் கூடாது. உடல் பாரம் இறங்கும்போது பாதம் நீளத்திலும் அகலத்திலும் விரியும். நீங்களே குனிந்து வரைந்தால் பாரம் ஒரு காலுக்குப் போய்விடும், ஆகவே வீட்டில் ஒருவரை வரையச் சொல்லுங்கள். பேனா செங்குத்தாக நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் ஒவ்வொரு ஓரத்திலும் 2, 3 மி.மீ. தொலைந்துபோகும்.

இரண்டு காலையும் வரையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒரே அளவில் இருக்காது. பெரிய கால்தான் கணக்கு. சின்னக் காலுக்கு உள்ளே மெல்லிய தோல் துண்டு வைத்துச் சரிக்கட்டலாம். பெரிய காலை எதைக் கொண்டும் சுருக்க முடியாது.

வரைந்த படத்தில் நாலு குறிப்புகள் வேண்டும். முதலாவது, குதிகால் பின்முனையிலிருந்து மிக நீண்ட விரல்வரை நீளம். எல்லோருக்கும் கட்டைவிரல்தான் நீளம் என்றில்லை, பலருக்கு இரண்டாம் விரல் முந்தும். இரண்டாவது, பந்து மூட்டின் சுற்றளவு. கட்டைவிரலின் அடியில் உள்பக்கம் புடைத்திருக்கும் எலும்பும், சுண்டுவிரலின் அடியில் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பும் சேரும் இடத்தைத்தான் பந்து என்கிறோம். தையற்காரர் டேப்பை அங்கே இறுக்காமல் சுற்றி எடுங்கள். மூன்றாவது, குதிகாலிலிருந்து அந்த உள்பக்க எலும்புவரை உள்ள நீளம். நான்காவது, செருப்பாக இருந்தால், கட்டைவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவில் இடுக்கு முடியும் புள்ளி.

மூன்றாவது குறிப்பைத்தான் யாரும் எடுப்பதில்லை. ஒரே நீளமுள்ள இரண்டு பேரின் கால்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு விரல்கள் நீளம், இன்னொருவருக்குக் குட்டை. இருவருக்கும் பந்து வேறு வேறு இடத்தில் விழும். ஷூ மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் ஒன்றாக இருந்தால் நடை இலகுவாக இருக்கும். 6, 7 மி.மீ. தள்ளிப்போனாலே ஷூவின் மடிப்பு விரல் மேல் வந்து அமுக்கும், குதிகால் தூக்கித் தூக்கி உரசும்.

காலுக்கு அகலம் போதவில்லை என்றால் கடையில் அடுத்த நம்பரை எடுத்துத் தருவார்கள். அது தீர்வல்ல. நம் கடைகளில் பழக்கமான நம்பர் இங்கிலாந்துக் கணக்கு. அதில் ஒரு நம்பர் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ.; அரை நம்பர் 4 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஷூவை எந்தக் கால் வடிவக் கட்டையின் மேல் தைக்கிறார்களோ அதுதான் அச்சு; 7-ஆம் நம்பர் அச்சின் நீளம் 27.1 செ.மீ. அதில் வசதியாக நிற்கும் கால் ஏறக்குறைய 25 முதல் 25.5 செ.மீ. ஒரு நம்பர் ஏற்றினால் சுற்றளவு 6 மி.மீ. போலக் கூடும், ஆனால் நீளமும் 8.5 மி.மீ. கூடி, பந்து இருக்கவேண்டிய இடம் முன்னால் தள்ளிப்போகும். சின்ன வயதிலிருந்து தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு முன்பாதம் இயல்பாகவே விரிந்திருக்கும். அவர்கள் நீளம் கூட்டாமல், அதே நீளத்தில் அகல அச்சு கேட்டு வாங்க வேண்டும், அல்லது சொல்லித் தைக்க வேண்டும்.

மூடிய ஷூவில் நின்றுகொண்டு பார்த்தால் நீண்ட விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் இருக்கட்டும். ஆள்காட்டி விரலைக் குதிகாலுக்குப் பின்னால் விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். அதற்குக் காலை முன்னால் தள்ளியாக வேண்டியிருப்பதால் நம்ப முடியாது. செருப்பில் பாதத்தைச் சுற்றிலும் 3, 4 மி.மீ. ஓரம் தெரிய வேண்டும். சுண்டுவிரலோ குதிகாலோ ஓரத்தில் ஏறி நின்றால் அங்கே தடிப்பு விழும், பிறகு வெடிக்கும்.

பாதத்தின் மேல்பக்கம் உயரமாகத் தூக்கியிருப்பவர்கள் ஷூவில் நாடாப் பட்டைகள் மேலே தனியாகப் பிரிந்து திறக்கும் வகையை எடுங்கள். கடையில் டெர்பி என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு வகையில் அந்தப் பட்டைகள் முன்தோலுக்கு அடியில் தைக்கப்பட்டிருப்பதால் அவ்வளவு திறக்காது. பாதத்தின் மேல் எலும்பில் வலி இருந்தால், அந்த இடத்துத் துளைகளில் மட்டும் குறுக்கே கட்டாமல் நாடாவைப் பக்கத்திலேயே நேராக மேலேற்றுங்கள். உடனே குறையும்.

பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு மூடிய ஷூ வேண்டாம். நம் நாட்டில் 2,300 குழந்தைகளைப் பார்த்து 1992-ல் வெளியான ஆய்வில், காலணி போட்டுப் பழகியவர்களில் 8.6 சதவீதம் பேருக்கும் வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அது அதிகம். பள்ளிக்கூடத்துக்குப் போட்டே ஆக வேண்டுமென்றால் அகல முனையுள்ளதை வாங்கி, வீட்டுக்கு வந்ததும் கழற்றி விடுங்கள்.

தைக்கக் கொடுக்கும்போது

கரூர் தான்தோன்றிமலைப் பெருமாளுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சாமிக்கே செருப்புத் தைக்கிற கைகள் நம் ஊர்களில் இருந்தும், இன்று நல்ல கைத்தையல்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிடைத்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள். மெழுகு பூசிய நூலில் இரண்டு முனையிலும் ஊசி கோத்து எதிரெதிராகக் குத்தும் தையலில் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்து நிற்கும். மிஷின் தையலில் ஒன்று அறுந்தால் வரிசை இளகிக்கொண்டே போகும்.

வரைந்த காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, விரல் வளையத்தின் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். இடுக்கு முடியும் புள்ளிக்கு 3 முதல் 4 மி.மீ. முன்னால் வளையம் எழும்ப வேண்டும். புள்ளியிலேயே எழும்பினால் ஒவ்வொரு அடிக்கும் தோல் விளிம்பு இடுக்கை அறுக்கும். ரொம்ப முன்னால் போனால் செருப்பைப் பிடித்து வைக்க விரல்களை மடக்கி மடக்கி நடப்பீர்கள், கெண்டைக்கால் வலிக்கும். "ஓரத்தை உள்பக்கம் சீவி, உருட்டி உட்டுருங்கண்ணா" என்று சொல்லி வையுங்கள். வெட்டிய விளிம்பைச் சீவி, மடித்து, சுத்தியலால் தட்டி மழுக்கிய பட்டை பாதி அளவே கடிக்கும்.

புதுசில் மேல்பட்டை காலோடு ஒட்டி, ஆனால் அமுக்காமல் இருக்க வேண்டும். பட்டைத்தோல் இரண்டு வாரத்தில் கொஞ்சம் விரியும். முதல் நாளே ஒரு விரல் நுழையும்படி இருந்தால் மாதம் முடிவதற்குள் செருப்பு காலில் நிற்காது. நெடுந்தூரம் நடக்கிறவர்கள் குதிகால் வார் வைத்துக்கொள்ளுங்கள். வார் இல்லாத செருப்பை விரல்கள்தான் பிடித்திழுத்துக்கொண்டு போக வேண்டும்.

பழக்கும் வாரங்கள்

முதல் ராத்திரி எண்ணெய். நம் பக்கத்தில் காலங்காலமாகப் போடுவது விளக்கெண்ணெய், அது சரியான தேர்வுதான். கெட்டியாக இருப்பதால் மெதுவாக இறங்கும், உலர்ந்து விறைக்காது. தேங்காய் எண்ணெய் சீக்கிரம் ஊடுருவித் தோலைத் தொளதொளப்பாக்கும், நாளானால் சிக்கு வாடை வரும். ஆளி விதை எண்ணெய் உலர்ந்து பாறையாகிவிடும். மண்ணெண்ணெய் தோலில் இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஒரு செருப்புக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. போதும். துணியில் தொட்டு மேல்பட்டை, வளையம், குதிகால் வார் ஆகியவற்றின் உள்பக்கம் தேயுங்கள். மடங்கும் இடத்தில் மட்டும் இன்னொரு தடவை. அடித்தோலில் ஊற வைக்காதீர்கள். அடி தளர்ந்து பரக்கும், புழுதி ஒட்டும், தையல் ஓட்டைகள் விரியும். அடி பசையில் ஒட்டப்பட்டிருந்தால் எண்ணெய் இறங்கிய இடத்தில் பிடிப்பு விடும். ராத்திரி முழுக்க நிழலில் வைத்துக் காலையில் உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள்.

முதல் மூன்று நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம். நாலிலிருந்து ஆறாம் நாள்வரை ஒரு மணி நேரம், வாசல், தெரு. அடுத்த நாலு நாள் இரண்டு மணி நேரம், நடுவில் ஒரு தடவை கழற்றிக் காலைப் பாருங்கள். பிறகு 5 கிலோமீட்டர் நடை, அடுத்த வாரம் 10. எந்தக் கட்டத்திலும் சிவந்த இடம் கண்டால் அன்றைக்கு அதோடு நிறுத்தி, மறுநாள் அதே கட்டத்தையே திரும்பச் செய்யுங்கள். தினமும் பழக்குவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் பழக்குவது நல்லது. வியர்வையில் இளகிய தோல் உலரும்போதுதான் பாதத்தின் உருவத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஈரத்தோடு திரும்பத் திரும்ப மிதித்தால் உருவம் பிடிக்காமல் நசுங்கும்.

ஓரிடத்தில் மட்டும் இறுக்கமாக இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் 10 நிமிடம் வைத்து, தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொண்டு 20 நிமிடம் நடங்கள். பிறகு கழற்றி நிழலில் உலர்த்துங்கள். ஷூவாக இருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அந்த இடத்தில் தோல் துண்டு கட்டிய அச்சை ஏற்றி ஒரு ராத்திரி வைக்கலாம். அகலத்தில் 3, 4 மி.மீ. கிடைக்கும். நீளம் கிடைக்காது.

முழு ஷூவையும் வாளித் தண்ணீரில் ஊறப்போடுவது, ஹேர் டிரையரால் சூடு காட்டுவது, விறகடுப்போரம் வைப்பது எல்லாம் தோலைக் கெடுக்கும். ஈரமாக இருக்கிற பட்டைத்தோல் 70, 80 டிகிரி சூட்டிலேயே சுருங்கிக் கட்டியாகிவிடும். அப்படிச் சுருங்கியதை மீட்கவே முடியாது.

கடித்த பிறகு

கொப்புளம் வெறும் உரசலால் வருவதில்லை. எலும்பு முன்னே போகிறது, காலின் மேல்தோல் செருப்போடு ஒட்டி நிற்கிறது. நடுவில் உள்ள அடுக்குகள் இழுபட்டுப் பிரிந்து நீர் கோக்கிறது. ஈரமான தோல்தான் அதிகம் ஒட்டும், ஆகவே வியர்வையோடு நடக்கும்போதுதான் கொப்புளம் சீக்கிரம் வரும். எரிச்சல் தொடங்கிய நிமிடமே நின்று, காலைத் துடைத்து உலர்த்தி, மருந்துக் கடையில் கிடைக்கும் காகித பிளாஸ்டரை அந்த இடத்தில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். "அந்த மண்டபம் வரைக்கும் போயிட்டுப் பாத்துக்கலாம்" என்று நடந்தால் காரியம் கைமீறிவிடும். வாசலின் தடவினால் முதல் ஒரு மணி நேரம் நன்றாக வழுக்கும், அதன்பின் தோல் ஊறி முன்னைவிட ஒட்டும். தடவுவதானால் மணிக்கொரு தடவை துடைத்துத் திரும்பத் தடவுங்கள்.

சின்னக் கொப்புளத்தை உடைக்காதீர்கள். நடக்க முடியாத அளவு பெரிதாகி வலித்தால், சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டு ஸ்பிரிட்டால் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை இறக்குங்கள். மேல்தோலைப் பிய்க்காதீர்கள், அதைவிட நல்ல கட்டு கிடையாது. சுத்தமான துணி வைத்துக் கட்டுங்கள். சுற்றிச் சிவந்து சூடானாலோ சீழ் வைத்தாலோ டாக்டரிடம் போங்கள்.

கால் ஆணி வேறு விஷயம். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அழுத்தம் விழுந்து மேல்தோல் கூம்பாகக் கெட்டிப்படுவது அது. அழுத்தும் செருப்பை மாற்றாமல் ஆணியை மட்டும் வெட்டினால் திரும்ப முளைக்கும். ஆணியின்மேல் மெத்தை வைத்தால் அழுத்தம் இன்னும் கூடும். ஆணி இருக்கும் இடத்தை விட்டுச் சுற்றிலும் வளையமாகக் கம்பளித் துண்டு ஒட்டினால்தான் பாரம் விலகும். பிளேடு எடுக்காதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் செருப்பு கடிப்பது தெரியாது. தெரியாமலே நாள் முழுக்க நடந்து, ராத்திரி சாக்ஸில் ரத்தம் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். "பழகிடுமுங்க" என்ற பேச்சு அவர்கள் விஷயத்தில் ஆபத்து. போட்ட முதல் நிமிடத்திலேயே சரியாக இருக்கிற காலணிதான் அவர்களுக்கு.

விரல் வளையம் வேண்டாம். இடுக்கில் புண் வந்தால் ஆறுவது கடினம். அகலமான இரண்டு மேல்பட்டை, பின்னால் குதிகால் வார், உள்ளே எம்.சி.ஆர். மெத்தை. எம்.சி.ஆர். என்பது நுண்ணறை ரப்பர். தொழுநோயால் உணர்ச்சி போன கால்களைப் புண்ணிலிருந்து காக்க வேலூர்ப் பக்கத்து மருத்துவமனைகளில் செய்த வேலையால் பரவலானது அது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அதையே தருகிறார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, எடுத்ததும் எழும்ப வேண்டும். அமுங்கியபடியே நின்றால் ஆயுள் முடிந்தது, மாற்றுங்கள். அதற்குக் கீழே முள் ஏறாத கெட்டியான அடி வேண்டும். ஆணி அடித்த செருப்பு கூடாது, தைத்தோ ஒட்டியோதான் இருக்க வேண்டும்.

புதுக் காலணியை முதல் நாள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடம் 20 நிமிடத்துக்குள் மறையவில்லை என்றால் அந்தக் காலணி வேண்டாம். ஒவ்வொரு தடவையும் போடுவதற்கு முன்பு தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். கல், முள், எழும்பிய தையல் எல்லாம் கைக்குத்தான் தெரியும். ராத்திரி அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீரில் கால் ஊறவைப்பது, ஆணி பிளாஸ்டர், வெறுங்காலோடு சித்திரை வெயிலில் கோயில் பிரகாரம் சுற்றுவது மூன்றும் வேண்டாம். கொப்புளத்தைக் குத்தவே வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

வெடிப்பும் சேற்றுப்புண்ணும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று இறங்கும் மாதங்களில் காங்கேயம், பல்லடம் பக்கம் குதிகால் வெடிக்காதவர் குறைவு. காற்று தோலின் ஈரத்தை எடுத்துவிடுகிறது. பின்பக்கம் திறந்த செருப்பில் குதிகாலின் கொழுப்பு மெத்தை பாரத்தில் பக்கவாட்டில் பிதுங்கி, காய்ந்த தோலைக் கிழிக்கிறது. ஆகவே எண்ணெய் மட்டும் போதாது, பிதுங்காமல் பிடிக்கவும் வேண்டும். குதிகால் பக்கம் கிண்ணம் மாதிரி கொஞ்சம் குழிந்த செருப்பு, அல்லது சில வாரம் மூடிய ஷூ உதவும். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் வைத்து, கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் யூரியா கலந்த களிம்பு தடவிப் பருத்திச் சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். ரத்தம் கசியும் ஆழ வெடிப்பில் கல் போடாதீர்கள்.

கோபி, பவானி, காலிங்கராயன் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் செய்கிறவர்களுக்குத் தொல்லை வேறு, சேற்றுப்புண். வயலுக்குள் தோல் செருப்பு வேண்டாம். வரப்பேறிக் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்த பிறகே செருப்புப் போடுங்கள். ஈரக் காலை ஷூவுக்குள் விட்டால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பைக் காலையும் இரவும் தடவி, அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். பாதியில் விட்டால் திரும்ப வரும்.

நின்றுகொண்டே வேலை

திருப்பூர் கட்டிங் மேசையிலும் ஸ்பின்னிங் மில்லிலும் எட்டு மணி நேரம் சிமெண்ட் தரையில் நிற்கிறவர்களுக்கு வெறும் தோலடி கடினம்தான். 4, 5 மி.மீ. கார்க் அல்லது கம்பளி மெத்தை உள்ளே வையுங்கள்; அதைச் சேர்த்துத்தான் அளவெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பட்டை இறுக்கும். குதிகால் உயரம் 2 முதல் 2.5 செ.மீ. போதும். கோவை பவுண்டரிகளில் நாடா ஷூ வேண்டவே வேண்டாம். உருகிய உலோகம் உள்ளே தெறித்தால் ஒரே உதறலில் கழன்று விழுகிற பூட்ஸ்தான் காலைக் காப்பாற்றும்.

காயவைப்பதும் அடி மாற்றுவதும்

ஒரு ஜோடியைத் தினமும் போடுவதைவிட இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால், இரண்டும் சேர்ந்து இருமடங்குக்கு மேல் உழைக்கும். உள்தோல் உலர ஒரு முழு நாள் வேண்டும். மழையில் நனைந்தால் சேற்றைத் துடைத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மணிக்கொரு தடவை தாளை மாற்றி, அடி தரையில் படாமல் பக்கவாட்டில் சாய்த்து நிழலில் வையுங்கள். ஐப்பசியில் பூஞ்சணம் பூத்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, காற்றில் உலர்த்தி, கால் டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவுங்கள். அலமாரிக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்காதீர்கள், பழைய வேட்டித் துணி போதும்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை செருப்பை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கம் 3, 4 மி.மீ.க்கு மேல் தேய்ந்து சாய்ந்திருந்தால் கணுக்காலும் முழங்காலும் அந்தச் சாய்வில்தான் நடக்கின்றன. அடியைத் தட்டிச் சமன் செய்து புதுத் துண்டு வையுங்கள். அடித்தோல் தேய்ந்து தையல் நூல் தெரிகிற வரை காத்திருந்தால் நூல் அறுந்து மேல்தட்டும் போய்விடும்; தையல் பள்ளம் மழுங்கத் தொடங்கியதுமே கொடுத்துவிடுங்கள். லாடமோ ஆணியோ அடித்து வாங்கினால் கடையிலேயே நின்று, உள்பக்கம் குதிகாலில் கட்டைவிரலை அழுத்தித் தடவிப் பாருங்கள். ஆணி முனை இம்மி எழும்பியிருந்தாலும் விரலுக்குத் தெரியும். அங்கேயே தட்டி மடக்கச் சொல்லுங்கள், ஒரு மாதம் நடந்து அடி அமுங்கிய பிறகு அதே இடத்தைத் திரும்பவும் தடவிப் பாருங்கள்.